டயல்டோன் அக்காவும் தாமதமாக வந்த பதிலும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நீண்டு கிடக்கிற கடற்கரையில், யாரையும் எதையும் நம்பாதவர் என்று ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் போட்டியெல்லாம் வைக்க வேண்டாம். நேராக எங்கள் டயல்டோன் அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடலாம். ஆனால் அவர் வாங்கமாட்டார். "இத்த எதுக்கு எனக்குக் குடுக்குற? உன்னிய அனுப்புனது யாரு?" என்று கேட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொள்வார்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் பிறந்து கடலைப் பார்த்தே வளர்ந்தவர். கடலையும் நம்பமாட்டார். "அமைதியா கீதுன்னா இன்னாவோ யோசிச்சிகினு கீதுன்னு அர்த்தம்" என்பார். மாவு அரைத்ததைக் கண்ணால் பார்க்காமல் இட்லி சாப்பிடமாட்டார். ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் பக்கத்திலேதான் உட்காருவார். பிரேக்கை அந்த ஆள் உண்மையாக மிதிக்கிறானா, சும்மா காலை வைத்திருக்கிறானா என்று பார்க்க வேண்டுமாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள் அல்லவா? அக்கா அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "தீர விசாரிச்சாலும் டவுட்டுதான் நைனா. விசாரிச்சவன் யாருன்னு பாக்கணும்."

துறைமுகத்துக்கு எதிர்த்தாற்போல் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் கம்பெனியில் நான் குமாஸ்தா. கப்பலில் வருகிற அடுத்தவர் சரக்கைச் சுங்கம் கடந்து வெளியே எடுத்து லாரியில் ஏற்றிவிடுவது எங்கள் பிழைப்பு. காலை முதல் மாலை வரை எல்லாமே டெலிபோன்தான். கப்பல் வந்துவிட்டதா, கன்டெய்னர் இறங்கிவிட்டதா, லாரி எங்கே நிற்கிறது என்று யாராவது யாரையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அத்தனை அழைப்பும் வாசலை ஒட்டிய டெலிபோன் போர்டு வழியாகத்தான் உள்ளே வரும், வெளியே போகும். அந்த போர்டுக்கு முன்னால் அக்கா. என் மேஜை அவருக்குப் பக்கத்திலேயே இருந்ததால், அவருடைய சந்தேகங்களில் பாதி என் காதில்தான் கொட்டின.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டுவாடா அன்றைக்கு மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் டயல்டோன் அக்காதான். காரணம் இதுதான்: காலையில் வந்ததும் ஒவ்வொரு லைனாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த 'ஙொய்' என்ற டயல் டோனைக் கேட்பார். மற்றவர்கள் ஊதுபத்தி கொளுத்துகிற நேரத்தில் அவருக்கு இது பூசை. கேட்டுவிட்டுக் குறி சொல்வார். "மூணாவது லைனு ஈரமா கீது. எங்கியோ குழியில தண்ணி பூந்துட்ச்சு." "அஞ்சாவதுல உப்பு ஏறிட்ச்சு." பாதி நாள் அவர் சொன்னது சரியாக இருக்கும், பாதி நாள் தப்பாக இருக்கும். சரியாக இருந்த நாட்களை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

ஆனால் அக்காவின் நிஜமான பெருமை டோனில் இல்லை, பொய் கண்டுபிடிப்பதில் இருந்தது. அதற்கு அவரிடம் ஒரே ஒரு சட்டம். "கேக்குறதுக்கும் சொல்றதுக்கும் நடுவுல எடம் இருக்கக்கூடாது. எடம் இருந்தா அங்க ஒரு பொய் குந்திகினு கீதுன்னு அர்த்தம்." லாரி புரோக்கருக்குப் போன் போட்டு "வண்டி எங்க கீது?" என்பார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு இடைவெளி விழும். பிறகு, "மணலி தாண்டிட்டேன்க்கா." அக்கா சிரிக்கமாட்டார். "தாண்டினவன் தாண்டிட்டேன்னு டக்குனு சொல்லுவான். நீ இன்னும் எண்ணூர்ல டீ குடிச்சிகினு கீற. கிளாஸ வெச்சிட்டு வண்டிய எடு." அந்த ஆள் போனை வைத்துவிடுவான். லாரி புறப்பட்டுவிடும்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லப் போன் செய்தேன். அக்காவின் சட்டம்தான் தெரியுமே, அதனால் "மெய்யாலுமே ஜுரமா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் "ஆமாக்கா" என்றேன். "ரொம்ப ஜல்தியா சொல்ற. பதில ரெடி பண்ணி வெச்சிகினு கீற" என்றார். மறுநாள் போர்வையோடு ஆபீசுக்குப் போனேன்.

இப்படிப்பட்டவரின் காதில்தான் எங்கள் முதலாளி இன்டர்நெட்டைக் கொண்டுவந்து செருகினார்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அங்கேயும் துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே பேச்சு ஓயவே ஓயாது, எல்லாம் வெளியூர்க் கட்டணத்தில். மாதா மாதம் டெலிபோன் பில் வரும்போது அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிப் பார்ப்பார். அப்போதாவது தொகை குறையுமா என்ற நப்பாசை. "சரக்கு எடுத்து சம்பாதிக்கதெல்லாம் வாயால போயிருதுவே" என்று என்னிடம் புலம்புவார்.

அந்தச் சமயத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இன்ஜினியர் வந்தார். இன்டர்நெட் வழியாகப் பேசினால் இரண்டு ஆபீசுக்கும் நடுவே பேச்சுக்குக் காசே இல்லை என்றார். பழைய போர்டைத் தூக்கிப் போடவும் வேண்டாமாம். ஒரு பெட்டி வைப்பாராம், அந்தப் பெட்டிதான் பழைய டெலிபோனுக்கும் புது இன்டர்நெட்டுக்கும் மொழிபெயர்ப்பாளர். காசே இல்லை என்ற சொல் காதில் விழுந்த உடனே அண்ணாச்சி தலையாட்டிவிட்டார். அக்கா மட்டும் இன்ஜினியரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"பேச்சு எப்டிபா போவும்?"

"உங்க குரலைக் குட்டிக் குட்டித் துண்டா வெட்டி, ஒவ்வொண்ணையும் பாக்கெட் மாதிரி கட்டி அனுப்பும் மேடம். ஒவ்வொரு பாக்கெட்டும் வேற வேற வழியில போகும். அந்தப் பக்கம் இருக்கிற பெட்டி எல்லாத்தையும் வரிசையா அடுக்கித் திரும்பக் குரலாக்கிடும்."

"ஒரு பாக்கெட்டு வய்லயே காணாப்பூட்ச்சுன்னா?"

"ஒண்ணு ரெண்டு போனா தெரியாது மேடம். பெட்டியே சமாளிச்சுக்கும்."

"சமாளிச்சுக்கும்னா? நான் சொல்லாதத அதுவா சொல்லுமா?"

இன்ஜினியர் தண்ணீர் கேட்டார். சரக்கு ஆபீசில் இருபது வருஷம் குந்தியவரிடம் பாக்கெட் காணாமல் போகும் என்று சொல்லலாமா? அக்காவின் அனுபவத்தில் காணாமல் போன சரக்கெல்லாம் எங்கேயாவது ஒரு மாமன் வீட்டில்தான் இருக்கும்.

பெட்டி வந்தது. மறுநாள் காலை பூசையில் அக்கா புது லைனை எடுத்துக் காதில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "இது என் டோன் இல்ல." இன்ஜினியர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். இன்டர்நெட்டில் டயல் டோன் என்று ஒன்று கிடையாதாம். ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டதே என்று பெட்டியே அந்தச் சத்தத்தைப் போடுகிறதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாரும் பேசாதப்போ சுத்தமா சத்தமே இருக்காது மேடம். லைன் கட் ஆயிடுச்சோன்னு பயந்துடுவாங்க. அதனால லேசா ஒரு இரைச்சலையும் நாங்களே போட்டுவிடுறோம்."

அக்கா ரிசீவரைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா நைனா? டோனும் பீலா, எரைச்சலும் பீலா. அப்பால பேசுறவன் மட்டும் மெய்யா?"

காசே இல்லாத பேச்சு அதன்பிறகு எப்படியெல்லாம் காசு கேட்டது என்பது தனிக் கதை. ஃபேக்ஸ் மெஷின் புது வழியில் போக மறுத்தது. கழுத்தைப் பிடித்தமாதிரி ஒரு ஓலமிட்டுப் பாதித் தாளில் நின்றுவிடும். பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் மனுஷக் காது சமாளித்துக்கொள்ளும், ஃபேக்ஸ் சமாளிக்காதாம். அதற்காக ஒரு பழைய லைனை வைத்துக்கொண்டோம். கரண்ட் போனால் பழைய டெலிபோன் பேசும், ஏனென்றால் அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் வந்துவிடும். பெட்டியோ கரண்டோடு சேர்ந்து கண்ணை மூடிவிடும். அதற்காக பேட்டரி வாங்கினோம். இன்டர்நெட் இணைப்பே அறுந்துபோனால்? எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்தக் குழியை எவன் எப்போது தோண்டுவான் என்று யாருக்குத் தெரியும்? அதற்காக இன்னொரு கம்பெனியிடம் இரண்டாவது இணைப்பு. பிறகு பெட்டிக்கு வருஷப் பராமரிப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அண்ணாச்சி அதைக் கண்ணாரக் கண்டார். ஆனால் தானே வாங்கிய சுண்டைக்காய் ஆயிற்றே, வெளியே சொல்ல முடியவில்லை. அந்த ஒற்றைப் பழைய லைனில் ஃபேக்ஸைத் தவிர யாரும் தூத்துக்குடிக்குப் பேசக்கூடாது என்று மட்டும் கண்டிப்பான உத்தரவு போட்டார்.

இதற்குள் அக்காவுக்கு ஒரு புது சந்தேகம் முளைத்திருந்தது. தூத்துக்குடி ஆபீஸ் முழுக்கக் கெட்டுப்போய்விட்டது என்பதுதான் அது.

"முன்னல்லாம் கேட்டா டக்கு டக்குனு சொல்வானுங்க. இப்ப எது கேட்டாலும் யோசிச்சு யோசிச்சு சொல்றானுங்க. அந்த மேனேஜரு கூட. 'சௌக்கியமா சார்'னு கேக்குறேன், அதுக்கே யோசிக்கிறாரு. சௌக்கியத்துல இன்னா நைனா யோசனை?"

விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போயிற்று. அண்ணாச்சிக்கு அக்காவின் காதின்மேல் அபார மரியாதை. லாரி புரோக்கர்களை அவர் மடக்குவதைத் தினமும் பார்க்கிறவர். உடனே தூத்துக்குடிக்கு ரயில் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கி, கிளையின் கிடங்கைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு சாக்குகூடக் குறையவில்லை. மேனேஜர் மனம் நொந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம். "பாத்தியா, பேசவே மாட்டேங்கிறாரு" என்றார் அக்கா.

எல்லாரையும்தான் அவர் சந்தேகப்படுகிறார், இதுவும் அதில் ஒன்று என்று நான் விட்டுவிட்டேன். அது ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் வந்து முட்டும் என்று நினைக்கவில்லை.

ஸ்டெல்லா அக்காவின் ஒரே மகள். தண்டையார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஒரு வரனை அண்ணாச்சியே கொண்டுவந்தார். பையன் பெயர் அந்தோணி, எங்கள் தூத்துக்குடிக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவன். போட்டோ கைமாறியது. ஸ்டெல்லாவும் அவனும் சில வாரம் செல்போனில் பேசிப் பார்த்தார்கள். ஸ்டெல்லாவுக்குப் பிடித்துவிட்டது. அக்காவின் வீட்டுக்காரரையும் கேட்டாயிற்று. காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாத மனிதர். தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "மூஞ்சி டபாய்க்கும், போட்டோ டபாய்க்கும். கொரலு டபாய்க்காது. நான் பேசிப் பாக்குறேன். செல்லுல இல்ல, அது காத்துல போற பேச்சு, எவன் வோணா புடிப்பான். என் போர்டுல பேசுறேன்."

அந்தப் பேட்டி ஒரு மத்தியான வேளையில் நடந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தூத்துக்குடிக்கு அடித்தார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் கேள்விகள் மட்டும் கேட்டன.

"பேரு இன்னா?" என்றார். என்னைப் பார்த்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பேரக் கேட்டதுக்கே யோசிக்கிறான்" என்றார். பிறகு, "குடிப்பியா?" கொஞ்ச நேரம் காத்தார். பொறுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவியா?" என்றார். முகம் சிவந்தது. "பின்ன இன்னா, சீட்டாட்டமா?" என்றார். கண் பிதுங்கியது. "பெத்தவள வெச்சிப் பாத்துக்குவியாடா?" என்றார் கடைசியாக. அடுத்த நிமிஷம் ரிசீவர் போன்மேல் இடிபோல விழுந்தது.

ஆபீசே எழுந்து நின்றது. அண்ணாச்சி அறையிலிருந்து ஓடிவந்தார். "என்னம்மா, என்ன சொன்னான்?"

"பூசைக்குப் போவியான்னு கேட்டா, 'இல்லத்தை, அந்தப் பழக்கமே கெடையாது'ன்றான். சீட்டாட்டமான்னு கேட்டா, 'தவறாம வாரா வாரம் போவேன், அம்மாவையும் கூட்டிகினு போவேன்'ன்றான். பெத்தவள பாத்துக்குவியான்னா, 'சேச்சே, அதெல்லாம் தொட்டதுகூட இல்ல'ன்றான். அண்ணாச்சி, எங்கருந்து புட்ச்சீங்க இந்த கலீஜ?"

அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். வயசான தாயைக் கூட்டிக்கொண்டு வாராவாரம் சீட்டாடப் போகிற ஒருவனைத் தன் கிடங்கில் வைத்திருக்கிறோமா என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

வரன் முறிந்தது. அந்தோணி எத்தனை தடவை செல்போனில் கூப்பிட்டாலும் அக்கா எடுக்கவில்லை. ஸ்டெல்லா வேறு யாரையும் கட்டமாட்டேன் என்றாள், வீட்டில் தாயும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா ஆபீஸ் வாசலுக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டாள். கண் வீங்கியிருந்தது. "அண்ணே, அவரு எங்கிட்ட ஒரு பொய்கூட சொன்னதில்ல. அம்மாகிட்ட மட்டும் எதுக்கு அப்டி சொல்லப்போறாரு? நீங்க பக்கத்துலதான கீறீங்க, இன்னா நடந்துச்சுன்னு பாருங்கண்ணே" என்றாள். பார்க்கிறேன் என்றேன். ஆனால் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அக்கா பக்கம் இன்னும் மோசம். காலையில் டோன் கேட்கும்போது கண்ணை மூடுவதில்லை. ஒருதடவை லாரிக்காரன் ஒரு மூச்சு இடைவெளி விட்டு "மணலி தாண்டிட்டேன்க்கா" என்றபோது "சரி" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு நான் உண்மையாகவே பயந்தேன்.

விடிவு ஃபேக்ஸ் மெஷின் ரூபத்தில் வந்தது. அதைப் பழைய லைனிலிருந்து மறுபடி புது லைனுக்கு மாற்றி மிச்சம் பிடிக்க அண்ணாச்சி ஆசைப்பட, அது வழக்கம்போல ஓலமிட, இன்ஜினியர் வந்தார். ஸ்குரூவைத் திருகியபடியே பேச்சுவாக்கில் கேட்டார். "தூத்துக்குடி லைன்ல தாமதம் ரொம்ப இருக்கே, யாரும் சொல்லலையா?"

"என்ன தாமதம்?" என்றேன்.

"பாக்கெட்டெல்லாம் முன்னபின்ன வரும் சார். பெட்டி அதையெல்லாம் பிடிச்சு நிறுத்திவெச்சு வரிசைப்படுத்தித்தான் விடும். உங்க இணைப்பு நெரிசலா இருக்கு, அதனால ரொம்ப நேரம் நிறுத்துது. இவங்க பேசுறது அங்க லேட்டாப் போகும், அவங்க பதில் இங்க லேட்டா வரும்."

இன்ஜினியரை அப்படியே இழுத்துக்கொண்டு போய் அக்காவின் முன்னால் நிறுத்தினேன். அவர் விளக்கினார். அக்கா நம்பவில்லை. "பெட்டிய வித்தவனே பெட்டி லேட்டுன்றான். இதுல இன்னா உள்குத்து?" என்றார்.

பேசிப் பலனில்லை என்று புரிந்தது. இன்ஜினியர் ஒரு காரியம் செய்தார். என் மேஜைப் போனிலிருந்து போகிற அழைப்பு இன்டர்நெட் வழியாகத் தூத்துக்குடிப் பெட்டி வரை போய்த் திரும்பி அக்காவின் போனுக்கு வரும்படி மாற்றினார். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் "அக்கா" என்றேன். வாயை மூடினேன். அக்காவின் புருவம் அசையவில்லை. பிறகு, நான் வாயை மூடி வெகுநேரம் ஆனபிறகு, திடுக்கிட்டு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார்.

"வாயி முன்னாடி பூட்ச்சு, பேச்சு பின்னாடி வருது."

மறுபடி சொல்லச் சொன்னார். என் வாயைக் கையால் பொத்திப் பார்த்தார், பொத்தியபிறகும் என் குரல் வந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்து, விரலை மடக்கி, தனக்குள்ளேயே அந்தப் பேட்டியைத் திரும்ப ஓட்டினார். பிறகு என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்.

"பழக்கமே கெடையாதுன்னது குடிக்கு. வாரா வாரம் அம்மாவோட போறது பூசைக்கு. தொட்டதில்லன்னது சீட்ட." நிறுத்தினார். "பெத்தவள பாத்துக்குவியான்னு கேட்டதுக்கு அவன் இன்னா சொன்னான்னு நான் கேக்கவே இல்ல நைனா. அதுக்குள்ள வெச்சிட்டேன்."

அக்கா கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருதடவைதான். தூத்துக்குடி மேனேஜரை முதல் ஆளாகக் கூப்பிட்டு, "சார், நீங்க சௌக்கியம்தான்" என்று அவரே சொல்லிவிட்டு வைத்தார். அந்த மனிதருக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது.

"அந்தப் புள்ளய வரச்சொல்லுங்க" என்றார் அண்ணாச்சியிடம். "ஒயரு, பெட்டி, ஒண்ணும் வோணாம். என் எதுர்ல குந்தவெச்சு கேக்குறேன்."

நெட்டுக்குப்பத்தில் அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபிறகு ஏற்பாடாயிற்று. அண்ணாச்சியும் நானும் போயிருந்தோம். அந்தோணி அம்மாவோடு வந்திருந்தான். உயரமான பையன், சட்டைக் காலரில் சாம்பல் தூசி. அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து பறந்துவந்தது, எண்ணூருக்குள் நுழைந்த எவருக்கும் கிடைக்கிற வரவேற்பு. ஸ்டெல்லா கதவோரம் நின்றாள். அக்கா முக்காலியை அவனுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழியையெல்லாம் இன்டர்நெட்டின்மேல் போட்டுவிட்டு, மனம் லேசாகிச் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"வய்ல சாப்ட்டியாபா?"

அந்தோணி அவரைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தார். வெளியே காக்கை கத்தியது. தெருவில் ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போயிற்று.

"சாப்ட்டேன் அத்தை" என்றான்.

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. சுவரில் பிளக் இருக்கிறதா என்பதுபோல அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி என் தொடையைக் கிள்ளினார்.

"எத்தினி மணிக்கு வண்டி வந்துச்சு?"

மறுபடி அதே இடைவெளி. மறுபடி காக்கை. "காலைல அத்தை. கொஞ்சம் லேட்டு."

பெட்டியைக் குற்றம் சொன்னோமே, இப்போது எங்கே போய் முட்டிக்கொள்வது? அன்றைய தாமதத்தில் பெட்டியின் பங்கு பாதி, இந்தப் பிள்ளையின் பங்கு பாதி என்று அப்போதுதான் விளங்கியது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் இயல்பே அப்படி. கேள்வி காதில் விழுந்து, உள்ளே இறங்கி, ஆற அமர உட்கார்ந்து, பதில் எழுந்துவர நேரமாகும். ஆனால் அக்காவின் சட்டம் என்ன சொல்கிறது? ஸ்டெல்லாவின் கை கதவை இறுக்கிப் பிடித்திருந்தது.

அக்கா தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா, நீ இன்னா சொல்ற?"

ஐஸ் கம்பெனிக்காரர் மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி எடுத்துக்கொண்டதைவிட நீளமான நேரம் போயிற்று.

"நல்ல புள்ளயாத்தான் தெரியுது" என்றார்.

கதவோரத்திலிருந்து ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். "எம்மா, அப்பாவ மட்டும் இத்தினி வருசமா எப்டிம்மா நம்புன?"

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. புருஷனைப் பார்த்தார், அந்தோணியைப் பார்த்தார், திரும்பப் புருஷனைப் பார்த்தார். கேட்ட கேள்விக்கு டயல்டோன் அக்கா உடனே பதில் சொல்லாமல் இருந்ததை வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்குப் பார்த்தேன். இத்தனைக்கும் அந்த வீட்டில் எந்தப் பெட்டியும் இல்லை.

"தட்ட மாத்துங்க" என்றார் கடைசியில். அதற்குள் ஒரு விரலையும் தூக்கினார். "பெத்தவள பாத்துக்குவியான்னு கேட்டேனே, அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு."

அந்தோணி யோசித்தான். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், அக்காவும். "ரெண்டு அம்மாவையும் பாத்துக்குவேன் அத்தை" என்றான்.

கல்யாணம் ராயபுரத்தில் ஜோராக நடந்தது. ஸ்டெல்லா தூத்துக்குடிக்குப் போனாள், அங்கேயும் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. சில வருஷத்தில் எங்கள் ஆபீசில் அந்தக் கடைசிப் பழைய லைனையும் சரண்டர் செய்தார்கள். இப்போது எல்லாமே ஃபைபர் என்கிற கண்ணாடி நூல்வழிதான், பேச்சும் முன்போல் நொண்டுவதில்லை. அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி நாளன்று எல்லாரும் மாலை போட்டோம். மாலையைத் திருப்பிப் பார்த்து, "நேத்து பூவா?" என்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவருக்குப் போன் செய்கிறேன். அந்தோணி வாங்கிக் கொடுத்த செல்போன்தான், வேறு வழியில்லாமல் நம்புகிறார். முன்பெல்லாம் நான் "அக்கா" என்று தொடங்கும்போதே "இன்னா நைனா, துட்டு கிட்டு வோணுமா?" என்று வந்துவிடும். அவர் வீட்டுக்காரர் காலமானபிறகு அப்படி வருவதில்லை. "நல்லா கீறீங்களாக்கா?" என்று கேட்கிறேன். அந்தப் பக்கம் ஒரு இடைவெளி விழுகிறது. பிறகு, "நல்லா கீறேன் நைனா" என்கிறார்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடம் இருந்தால் அங்கே என்ன உட்கார்ந்திருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எண்ணூர்ப் பக்கம் சிக்னல் கொஞ்சம் மோசம், லைனில்தான் தாமதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் போனை வைத்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு நெட்டுக்குப்பத்துக்கு பஸ் ஏறிவிடுகிறேன்.